சொன்ன நாளில் வந்து நில்லுங்கள்: சிறைக்குள் நாடகப் பயிற்சி தொடங்க விரும்புவோருக்கு

சிறையில் நாடகப் பயிற்சி நடத்த ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று நாடகக் குழுக்களில் இருக்கும் இளைஞர்களும் கல்லூரி ஆசிரியர்களும் என்னிடம் கேட்பதுண்டு. பதிலுக்கு நான் ஒன்றைத்தான் கேட்பேன். வாரத்தில் ஒரு நாள், ஆறு மாதம், மழையோ வெயிலோ, விடாமல் வர முடியுமா? முடியாது என்றால் வேறு வகையில் உதவலாம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் ஓர் அரங்கு அமைத்துச் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் திரட்டியது. அங்கே ஒரு பை நிறையப் புத்தகம் கொடுத்தவர், இரண்டு வாரம் வந்துவிட்டுக் காணாமல் போகும் நாடகக்காரரைவிட நல்லது செய்தவர்.

கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சிறைக்குள் எல்லாமே தள்ளிப்போகும். வாய்தா தள்ளிப்போகும். ஜாமீன் தள்ளிப்போகும். மனு பார்க்க வருகிறேன் என்று கடிதம் போட்ட தம்பி வரமாட்டான். (உறவினர் வந்து பார்ப்பதற்கு உள்ளே ‘மனு’ என்றுதான் பெயர். முதல் நாளே இந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்.) அப்படிப்பட்ட இடத்தில் “அடுத்த புதன்கிழமை பத்தரை மணிக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த புதன்கிழமை பத்தரை மணிக்கு ஒருவர் வந்து நிற்பதே பாதிப் பயிற்சி. மீதிப் பாதிதான் ஒத்திகை.

ஒத்திகை என்பது தவறினால் “இன்னொரு தடவை” என்று சொல்லும் இடம். ஒரு நொடியில் கையை ஓங்கிவிட்டு, அந்த நொடியைத் திரும்பப் பெற முடியாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருப்பவருக்கு அந்தச் சொல் வேறெங்கும் கிடைக்காது. அதனால் அரங்கேற்றத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும் ஒத்திகையைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன்.

எந்தச் சிறை, யாரோடு

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே 1837-இல் கட்டப்பட்ட பழைய மத்திய சிறை 2006-இல் மூடப்பட்டது. 2009-இல் இடிப்பதற்கு முன் அதைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். ஆளில்லாத அறைகளைப் பார்க்க அன்று நீண்ட வரிசை நின்றது. ஆள் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத ஊர் இது என்ற நினைவு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போது சென்னையின் மத்திய சிறை நகரின் வடக்கே, செங்குன்றம் போகும் வழியில், புழலில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மதில்தான். உள்ளே தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என மூன்று சிறைகள். எதில் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வேலையே மாறிவிடும்.

தண்டனை பெற்றவர்களோடு நீண்ட நாடகம் செய்யலாம். ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலும் அதே ஆட்கள் இருப்பார்கள். விசாரணைக் கைதிகளோடு அது முடியாது. இன்று இருப்பவர் நாளை ஜாமீனில் போயிருப்பார், நீதிமன்றத்தில் இருப்பார், அல்லது வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருப்பார். அங்கே ஒவ்வொரு வகுப்பையும் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடிகிறபடி அமைக்க வேண்டும். ஆனால் தேவை அங்கேதான் அதிகம். 2022 இறுதியில் நாடெங்கும் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பங்கு. குற்றம் உறுதியாகாமலே காத்திருப்பவர்கள் இவர்கள். புதிதாக வருபவர் தண்டனைச் சிறையில் ஓராண்டு கைபழகிவிட்டுப் பிறகு விசாரணைச் சிறைக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்களும் எனக்கு உண்டு.

அனுமதி

விண்ணப்பத்தைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் முறை நான் கலையின் ஆற்றலைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். பதிலே வரவில்லை. அடுத்த முறை பத்து வரிதான். யார் வருகிறோம், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேருக்கு, எந்தக் கூடத்தில், என்னென்ன பொருள் கொண்டுவருகிறோம், யாருடைய வழக்கைப் பற்றியும் கேட்கமாட்டோம், படம் எடுக்கமாட்டோம். அந்தக் கடிதத்துக்குக் கதவு திறந்தது. கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரிக்கு ஒரு கவலைதான் இருக்கும்: இதனால் உள்ளே ஏதேனும் சிக்கல் வருமா? அந்தக் கவலைக்குப் பதில் சொல்வதாக உங்கள் கடிதம் இருக்கட்டும்.

கடிதத்தை எழும்பூரில் உள்ள சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் தலைமை அலுவலகத்துக்கும், நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்கும் கொடுங்கள். தனி ஆளாகப் போவதைவிட ஒரு கல்லூரித் துறையின் பெயரிலோ பதிவு பெற்ற அறக்கட்டளையின் பெயரிலோ போனால் வேலை எளிது. வருபவர் அனைவரின் அடையாள அட்டை நகலையும் இணைத்துவிடுங்கள். ஆதாரம் கேட்டால் சொல்லவும் ஒன்று இருக்கிறது. கைதிகளை நடத்தும் முறை பற்றி 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 105-ஆவது விதி, கைதிகளின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் எல்லாச் சிறைகளிலும் பொழுதுபோக்கு, பண்பாட்டு நிகழ்ச்சிகள் நடத்தப்பட வேண்டும் என்கிறது.

அனுமதி வந்ததும் முதலில் நல அலுவலரைப் போய்ப் பாருங்கள். யார் யார் ஒரே கூடத்தில் இருக்கக் கூடாது, யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த நாளில் மனு, எல்லாம் அவருக்குத் தெரியும். மனு நாளில் வகுப்பு வைக்கவே வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை வரும் மனைவியைப் பார்ப்பதா, ஒத்திகைக்கு வருவதா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வைப்பது கொடுமை.

கொண்டுபோவதும் கொண்டுபோகக் கூடாததும்

கைப்பேசி, பணம், சிகரெட், தீப்பெட்டி எதுவும் வாயிலைத் தாண்டக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். நாடகக்காரர்கள் மாட்டிக்கொள்வது வேறு பொருட்களில். கயிறு, கண்ணாடி, பிளேடு, ஊசி, மீசை ஒட்டும் ஸ்பிரிட் பசை, இடுப்புப் பட்டை, இரும்புக் கம்பி வைத்த மேடைப் பொருட்கள், இவை எதுவும் வேண்டாம். கூத்துக்குரிய கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கண்ணாடித் துண்டு பதித்தவை. அவற்றை அட்டையும் ஜிகினாத் தாளும் கொண்டு உள்ளேயே செய்யலாம். செய்யும் வேலையே ஒரு பயிற்சிதான். நடிக்கக் கூச்சப்படுகிறவர்கள் அங்கேதான் முதலில் வந்து உட்காருவார்கள். பறையைத் தோலோடு கொண்டுபோய்விட்டு, நெருப்பில் காய்ச்ச முடியாமல் தவித்திருக்கிறேன். செயற்கைத் தோல் போட்டதைக் கொண்டுபோங்கள். சலங்கைக்குத் தனியாக எழுதி அனுமதி வாங்குங்கள்.

உங்கள் உடையிலும் கவனம் வேண்டும். காக்கி காவலருடையது. வெள்ளை தண்டனைக் கைதிகளுடையது. இரண்டும் வேண்டாம். கொண்டுபோகும் பொருளுக்குப் பட்டியல் எழுதி, உள்ளே போகும்போது ஒரு கையெழுத்து, வெளியே வரும்போது ஒரு கையெழுத்து வாங்குங்கள். ஒரு கத்தரிக்கோல் குறைந்தாலும் உங்கள் வகுப்பு மட்டும் நிற்காது, அந்தப் பிளாக்கே சோதனைக்கு ஆளாகும்.

முதல் நாள்

வட்டமாக உட்காருங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். பெயரைச் சொல்லி ஓர் அசைவு செய்ய வேண்டும், மற்ற எல்லோரும் அதே பெயரை அதே அசைவோடு திருப்பிச் சொல்ல வேண்டும். இது எந்த நாடகப் பட்டறையிலும் செய்கிற சாதாரண விளையாட்டுதான். சிறையில் அதன் எடை வேறு. எண்ணாலும் வழக்காலும் கூப்பிடப்பட்டவர், இருபது குரல்கள் ஒரே நேரத்தில் தன் பெயரைச் சொல்வதைக் கேட்கிறார். முதல் நாளில் இதற்கு மேல் ஒன்றும் நடக்காவிட்டாலும் குறையில்லை.

மூத்தவரை ஐயா என்றோ அண்ணன் என்றோ கூப்பிடுங்கள், பெண்களை அம்மா, அக்கா என்று. ‘கைதி’ என்ற சொல் உங்கள் வாயில் வர வேண்டாம். அலுவலகக் கடிதத்தில் ‘சிறைவாசி’ என்று எழுதுங்கள், கூடத்தில் பெயர் போதும்.

என்ன வழக்கு என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொல்ல வந்தாலும் மெதுவாக நிறுத்துங்கள். விசாரணையில் இருப்பவர் கூடத்தில் சொன்ன ஒரு வார்த்தை, பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர் மூலம் அவருடைய வழக்கையே கெடுக்கலாம். இன்னொன்று, வழக்கைத் தெரிந்துகொண்டால் உங்கள் கண் மாறிவிடும். என் கண் மாறியிருக்கிறது. ஒருவர் செய்ததைப் பிறர் மூலம் தெரிந்துகொண்ட பிறகு, அவரோடு கண்ணாடிப் பயிற்சி (எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் திருப்பிச் செய்வது) செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அச்சடித்த வசனத் தாளை விநியோகிக்காதீர்கள். படிக்கத் தெரியாதவர் தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுவார், மறுபடி வரமாட்டார். கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்க வைத்தே பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதே வழி இங்கே பொருந்தும். நான்கு மாதம் கழித்து, “என் வசனத்தை நானே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், எழுத்துச் சொல்லிக்கொடுங்கள்” என்று ஒருவர் கேட்டால், அந்த நாளைக் குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூடத்தை யார் பெருக்குகிறார், யார் ராஜா வேஷம் கட்டுகிறார், பறையை யார் கையில் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். வெளியே இருக்கும் சாதி உள்ளேயும் இருக்கிறது. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தாலும் கூடத்தைப் பெருக்கும் முறையை நீங்கள்தான் போட வேண்டும். பயிற்சியாளர் முதல் வாரம் துடைப்பத்தை எடுத்தால் அடுத்த வாரம் பேச்சே தேவைப்படாது.

ஒத்திகையில் செய்வது

முதல் மாதம் உடம்பு மட்டும். நடப்பது, நிற்பது, ஒருவர் அசைவை எதிரில் இருப்பவர் கண்ணாடிபோலத் திருப்பிச் செய்வது. உள்ளே இருப்பவர்கள் தோளை இறுக்கி, பார்வையைத் தாழ்த்தி நடக்கப் பழகியிருப்பார்கள். இன்னொருவர் கண்ணை இரண்டு நிமிடம் நேராகப் பார்ப்பது அங்கே சண்டைக்கு அழைப்பாகவே அர்த்தப்படும். கண்ணாடிப் பயிற்சியில் அந்தப் பார்வைக்கு வேறு அர்த்தம் கிடைக்கிறது. சிரிப்பு வரும், வரட்டும்.

இரண்டாவது மாதம் கதை சொல்லுதல். அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். வீட்டில் மீன்குழம்பு எப்படி வைப்பார்கள் என்று கேளுங்கள். புளி கரைத்ததிலிருந்து தொடங்கி அவர்களாகவே அம்மாவிடம் போய்ச் சேருவார்கள், அவரவர் தாங்கும் தூரம் வரை.

மூன்றாவது மாதத்திலிருந்து நான் நம்பிச் செய்வது, பிரேசில் நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஃபோரம் அரங்கு. ஒரு சிக்கலைச் சிறு காட்சியாக நடிக்க வேண்டும், அதுவும் தோல்வியில் முடிய வேண்டும். பிறகு அதே காட்சியை மறுபடி தொடங்க வேண்டும். பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் “நிறுத்து” என்று சொல்லி எழுந்து வந்து, முக்கியப் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு விதமாக முயன்று பார்க்கலாம்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஏழு ஆண்டு கழித்து விடுதலையானவர் அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு வேலை கேட்டுப் போகிறார். முதலாளி கேட்கிறார்: “இந்த ஏழு வருடம் எங்கே வேலை பார்த்தாய்?” முதலில் வந்தவர் துபாய் என்றார். “பாஸ்போர்ட் இருக்கிறதா?” என்ற அடுத்த கேள்வியில் விழுந்தார். இரண்டாமவர் எல்லா உண்மையையும் ஒரே மூச்சில் கொட்டினார், முதலாளியாக நடித்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டார். மூன்றாமவர் கோபப்பட்டுக் கத்தினார். கடைசியில், அதுவரை மூன்று மாதமாக வாயே திறக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். “உள்ளே இருந்தேன் ஐயா. தறி வேலை கற்றுக்கொண்டேன், சான்றிதழ் இருக்கிறது. ஒரு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள்.” கூடம் அமைதியாகிவிட்டது. முதலாளியாக நடித்தவர் பதில் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பெரியவர் பாதிச் சம்பளத்துக்கு ஏன் ஒப்புக்கொண்டார் என்று திரும்பிப் போகும் வழியெல்லாம் அவர்கள் வாதாடிக்கொண்டே போனார்கள்.

இதில் முதலாளி வேடமும் முக்கியம். அந்த நாற்காலியில் உட்காரும்போதுதான், வெளியில் இருப்பவர் தன்னைக் கண்டு ஏன் பயப்படுகிறார் என்பது ஒருவருக்கு உள்ளிருந்து புரிகிறது. நடந்த குற்றத்தையே காட்சியாக்கிப் பாதிக்கப்பட்டவராக நடிக்கச் சொல்வது வேறு விஷயம். பயிற்சி பெற்ற உளவியலாளர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.

பூட்டு விழுவதற்கு முன்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வெளியே ஒரு பட்டறையில் யாராவது உடைந்து அழுதால், முடிந்தபின் டீக்கடைக்குக் கூட்டிப்போகலாம், இரவு போன் செய்து விசாரிக்கலாம். இங்கே மாலையில் அறை பூட்டப்பட்டால் மறுநாள் காலையில்தான் திறக்கும். உங்கள் வகுப்பில் கிளறிவிட்டதோடு அவர் அந்த இரவு முழுவதும் படுத்திருக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு சிறையில், நேரமாகிவிட்டதென்று ஒரு காட்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். மகன் அப்பாவிடம் பேசும் காட்சி அது. நடித்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அடுத்த வாரம் மற்றவர்கள் சொன்னார்கள். தவறு என்னுடையது. அன்றிலிருந்து கடைசி இருபது நிமிடத்தில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை.

அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். கூத்து முடிந்து விடியற்காலையில் அரிதாரம் கலைப்பதுபோல, எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொள்வோம். நடித்த பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அதை வட்டத்தின் நடுவில் விட்டுவிட்டு, தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரே தாளத்தைச் சேர்ந்து தட்டுவோம், எல்லோரும் ஒன்றாக நிறுத்தும் வரை. யாருடைய கை பிந்துகிறதோ அவர் இன்னும் திரும்பி வரவில்லை. அவரோடு கொஞ்சநேரம் பேசுங்கள். தேவைப்பட்டால் அன்றே சிறையின் உளவியலாளரிடமோ நல அலுவலரிடமோ சொல்லிவிட்டுத்தான் வாயிலைத் தாண்ட வேண்டும்.

என்ன கதை

மேடையேற்றும் கதையைச் சிறை நிர்வாகம் முன்கூட்டியே கேட்கும். கொடுத்துவிடுங்கள். பிறகு அதில் இல்லாததைச் சேர்க்காதீர்கள்.

சொந்தக் கதையை நேராக மேடையேற்றுவதைவிட, பழங்கதை ஒன்றை இடையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலகானந்தா ராய் 2007-இல் பிரசிடென்சி சிறைக்குள் போனார். சிறைவாசிகளைக் கொண்டு அவர் மேடையேற்றியது தாகூரின் ‘வால்மீகி பிரதிபா’, கொள்ளைக்காரன் கவியாகும் கதை. அதில் வால்மீகியாக நடித்த நைஜல் அக்காரா விடுதலைக்குப் பின் வங்கத் திரைப்பட நடிகரானார். மைசூரில் ரங்காயணா நாடக அமைப்பைச் சேர்ந்த ஹுலுகப்ப கட்டிமனி சிறைவாசிகளோடு பல நாடகங்கள் செய்தார். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தின் கன்னடத் தழுவலும் அவற்றில் ஒன்று.

நம்மிடம் கதைக்குப் பஞ்சமில்லை. மணிமேகலையில் ஒரு காதைக்கே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். அமுதசுரபியோடு சிறைக்குள் போய்ப் பசித்தவர்களுக்குச் சோறிட்ட பெண், சிறையையே அறச்சாலையாக மாற்றித் தாருங்கள் என்று அரசனிடம் கேட்கிறாள், அரசனும் தருகிறான். இதை மத்திய சிறைக்குள் நடிப்பதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்க முடியாது. கர்ணன், அரிச்சந்திரன் கதைகளும் நன்றாக வரும். பழிவாங்கும் கதைகளை முதல் ஆண்டு தவிர்த்துவிடுங்கள்.

தெருக்கூத்து வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கக் காரணம் கட்டியங்காரன். அவன் அரசனையும் கேலி செய்யலாம், பார்ப்பவர்களோடும் பேசலாம், கதையை நிறுத்தி இன்றைய சாப்பாட்டில் உப்பு குறைவு என்றும் சொல்லலாம். கண்காணிப்பாளர் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். அந்த ஒரு வேடத்துக்குப் போட்டி இருக்கும், அதனால் காட்சிக்கு ஒரு கட்டியங்காரனாக மாற்றிக் கொடுங்கள். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் கூத்துப் பாட்டு அவர்கள் தொண்டையில் ஏற்கனவே இருக்கும். வடசென்னைப் பையன்கள் கானாவைக் கொண்டுவருவார்கள். இரண்டையும் கலக்கத் தயங்காதீர்கள்.

எந்த வேடத்துக்கும் இரண்டு பேரைப் பழக்குங்கள். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் கர்ணனுக்கு ஜாமீன் கிடைக்கலாம். முகம் வாடாமல் வாழ்த்தி அனுப்ப அந்த இரண்டாவது ஆள்தான் உதவுவார்.

பெண்கள் சிறை

பெண்கள் சிறைக்குப் பெண் பயிற்சியாளர்களை அனுப்புங்கள். அங்கே ஆறு வயது வரை குழந்தைகள் தாயோடு இருக்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இருக்கிறது. ஆகவே ஒத்திகையில் இடுப்பில் குழந்தையோடு ராணி வருவாள். அதைத் தடையாக நினைக்காமல் காட்சியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை செய்யும் தோழிகள் சொல்வது இது. ஆண்களுக்கு மனு பார்க்க மனைவியோ அம்மாவோ வருகிறார்கள். சிறைக்குப் போன பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு. அதனால் அங்கே நாடகத்தைவிட முதலில் பாட்டு வரும், தாலாட்டும் ஒப்பாரியும். ஒப்பாரி பாடத் தொடங்கினால் பாதியில் நிறுத்தக் கூடாது, முழுக்கப் பாடி முடிக்க நேரம் விட்டுத் திட்டமிடுங்கள். பிறகு கும்மி.

காவலர்களும் கூட இருக்கட்டும்

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் உங்கள் வகுப்பின் ஓர் அங்கம். அவருக்கு வணக்கம் சொல்லுங்கள், என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்பே சொல்லுங்கள், பயிற்சியில் சேர அழையுங்கள். முதல் மாதம் மறுப்பார். எங்கள் கூடத்தில் ஒரு காவலர் மூன்று மாதம் கதவோரம் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அரிச்சந்திரன் வசனத்தை மறந்து நின்றபோது அவர் நாற்காலியிலிருந்தே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அவர் ஊரில் ஆண்டுதோறும் அந்த நாடகம் நடக்குமாம். அடுத்த வாரத்திலிருந்து பாட்டுக்குப் பின்குரல் அவர்தான்.

அரங்கேற்றம்

பார்வையாளர் வரிசையில் குடும்பத்தினருக்கு இடம் கேளுங்கள். முக்கிய விருந்தினரைவிட அவர்கள் முக்கியம். பத்திரிகையாளர் வந்தால், முகம் தெரிய வேண்டுமா என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, மறுத்தவரின் மறுப்பைக் காப்பாற்றுங்கள். யாருடைய குற்றமும் செய்தியில் வரக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள். அந்தக் குற்றத்தால் உயிரையோ உடைமையையோ இழந்த குடும்பமும் அதே செய்தியைப் படிக்கும்.

நாடகம் செய்தால் எல்லோரும் திருந்திவிடுவார்கள் என்று மேடையில் யாரும் பேச இடம் கொடுக்காதீர்கள். வகுப்புக்குத் தானாக முன்வருகிறவர்கள் ஏற்கனவே மாறத் தொடங்கியவர்களாக இருக்கலாம். யார் எத்தனை நாள் வந்தார், யார் எழுதக் கற்றார், யார் சண்டையை விட்டு விலகி நின்றார் என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அது போதும்.

1957 நவம்பர் 19 அன்று கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில், சான் பிரான்சிஸ்கோ நடிகர்கள் சிலர் சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தைச் சுமார் 1,400 சிறைவாசிகளுக்கு நடித்துக் காட்டினார்கள். ஆயுள் தண்டனையில் இருந்த ரிக் க்ளூச்சி என்பவரைக் கூடத்துக்கு வர விடவில்லை. அவர் தன் அறையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டார். பிறகு அவரே சிறைக்குள் நாடகக் குழு தொடங்கினார், விடுதலைக்குப் பின் பெக்கெட்டோடே வேலை செய்தார். உங்கள் கூடத்துக்கு வர அனுமதி இல்லாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஒலிபெருக்கிக்கு அனுமதி கேளுங்கள்.

அடுத்த வாரம்

அரங்கேற்றம் முடிந்த இரவு மிக நீளமானது. கைதட்டல், குடும்பம், அரிதாரம், எல்லாம் போய்விடும், பூட்டு மட்டும் அப்படியே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து நன்றிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது இன்னொரு கைவிடல்.

உள்ளே பழகியவரை வெளியே பார்க்க நேரலாம். சிறைத்துறை நடத்தும் ‘ஃப்ரீடம்’ பெட்ரோல் பங்குகளில் சிறைவாசிகளே வேலை செய்கிறார்கள். 2023-இல் புழலில் பெண் சிறைவாசிகள் நடத்தும் பங்கும் திறக்கப்பட்டது. அங்கேயோ பஸ்ஸிலோ தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், அவர் முதலில் வணக்கம் சொல்லும்வரை நீங்கள் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு அவருடைய கடந்தகாலம் தெரியாமல் இருக்கலாம்.

அரங்கேற்றத்துக்குத் தேதி கேட்டு எழுதும் கடிதத்திலேயே, அதற்குப் பிந்திய நான்கு புதன்கிழமைகளையும் சேர்த்து எழுதிவிடுங்கள். முதல் புதன்கிழமை எதுவும் திட்டமிடாமல் போங்கள், வட்டமாக உட்காருங்கள், பெயர் விளையாட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.